இஞ்ச் டேப்பை வைத்து உடல் கொழுப்பைக் கணக்கிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை மெஷினில் ஏறி நின்றால் 75 கிலோ என்று காட்டும். அந்த 75-இல் கொழுப்பு எத்தனை கிலோ, தசையும் எலும்பும் தண்ணீரும் எத்தனை கிலோ என்று அது சொல்லாது. ஒரு தையல் டேப்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதை வீட்டிலேயே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். அந்த "ஓரளவு" எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலான குழப்பமும். இந்தப் பக்கத்தில் பாதி அதைப் பற்றித்தான்.

டேப்பால் கொழுப்பை அளக்க முடியுமா?

நேரடியாக முடியாது. டேப் அளப்பது சுற்றளவை மட்டும்தான். பலரை இரண்டு விதமாகவும் அளந்து பார்த்து (ஒரு பக்கம் டேப், இன்னொரு பக்கம் ஆய்வகத்தில் தண்ணீருக்குள் மூழ்கவைத்து எடை பார்ப்பது), இந்தச் சுற்றளவு உள்ளவருக்குப் பெரும்பாலும் இவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். நாம் செய்வது அந்தச் சூத்திரத்தில் நம் அளவுகளைப் போட்டுப் பார்ப்பது. ஆகவே வருகிற எண் ஒரு மதிப்பீடு.

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது அமெரிக்கக் கடற்படையின் சூத்திரம். அவர்களுடைய உடல்நல ஆய்வு மையத்தில் ஹாட்ஜ்டன், பெக்கெட் என்ற இருவர் 1984-இல் வெளியிட்டது. இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களில் "நேவி முறை" என்று போட்டிருந்தால் அது இதுதான்.

சரி, அந்தச் சூத்திரம் என்ன?

எல்லா அளவும் சென்டிமீட்டரில். லாக் என்பது பள்ளியில் படித்த மடக்கை, 10-ஐ அடிமானமாகக் கொண்டது.

ஆண்களுக்கு:
கொழுப்பு % = 495 ÷ [1.0324 − 0.19077 × லாக்(வயிறு − கழுத்து) + 0.15456 × லாக்(உயரம்)] − 450

பெண்களுக்கு:
கொழுப்பு % = 495 ÷ [1.29579 − 0.35004 × லாக்(இடை + பிட்டம் − கழுத்து) + 0.22100 × லாக்(உயரம்)] − 450

ஒரு ஆணின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உயரம் 170, வயிறு 90, கழுத்து 38. வயிற்றில் கழுத்தைக் கழித்தால் 52. 52-இன் லாக் 1.716. 170-இன் லாக் 2.2304. அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கணக்கிட்டால் 1.0498 வரும். 495-ஐ அதால் வகுத்தால் 471.5, அதில் 450 போக, 21.5. அதாவது சுமார் 21.5 சதவீதம்.

ஒரு பெண்: உயரம் 158, இடை 80, பிட்டம் 98, கழுத்து 32. இடையையும் பிட்டத்தையும் கூட்டிக் கழுத்தைக் கழித்தால் 146. மீதியை அதே மாதிரி போட்டால் 33.4 சதவீதம்.

இந்த இரண்டு பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருவார்கள்.

போன் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் லாக் பொத்தான் வந்துவிடும். ஆனால் பக்கத்திலேயே எல்.என். (ln) என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அது வேறு லாக். தெரியாமல் அதை அழுத்தினால் நம் 21.5 சதவீத ஆளுக்கு 11.6 என்று வரும். இதேபோல் சென்டிமீட்டருக்குப் பதில் அங்குலத்தில் அளவைப் போட்டால் 15-ஐ ஒட்டி வரும். இரண்டுமே நம்பும்படியான எண்கள் என்பதுதான் ஆபத்து. கழித்தல் குறியோ 300 சதவீதமோ வந்தால் தவறு என்று உடனே தெரியும். தடகள வீரர் ரேஞ்சில் ஓர் எண் வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்!

495, 450 எல்லாம் எங்கிருந்து வந்தன?

1950-களில் வில்லியம் சிரி என்ற ஆய்வாளர் கொடுத்த கணக்கிலிருந்து. கொழுப்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம், உடலின் மற்றதெல்லாம் சேர்த்து 1.1 கிராம் என்று அவர் எடுத்துக்கொண்டார். 495-ஐ 1.1-ஆல் வகுத்தால் 450. அதில் 450 போனால் பூஜ்யம், அதாவது கொழுப்பே இல்லை. 0.9-ஆல் வகுத்தால் 550. 450 போனால் 100, முழுக்கக் கொழுப்பு. நாமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம்.

டேப் சூத்திரத்தில் அடைப்புக்குறிக்குள் வருவது அந்த அடர்த்திதான். ஆர்க்கிமிடீஸ் பாணியில் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிக் கண்டுபிடிக்க வேண்டியதை டேப்பை வைத்து ஊகிக்கிறோம்.

வயிறு சரி, கழுத்தை எதற்கு அளக்க வேண்டும்?

ஒரே வயிற்றளவு உள்ள இரண்டு பேரில் ஒருவர் இயல்பிலேயே பெரிய எலும்புக்கட்டும் தசையும் உள்ளவராக இருக்கலாம். கழுத்தில் கொழுப்பு ஒப்பீட்டளவில் குறைவாகவே சேரும் என்பதால் கழுத்தின் பருமனை உடற்கட்டின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் கழுத்து கழித்தலில் வருகிறது.

இதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. கழுத்துக்கென்றே பயிற்சி செய்து தடிமனாக்கினால் வயிறு அப்படியே இருந்தாலும் சதவீதம் இறங்கிவிடும். அமெரிக்கத் தரைப்படை 2023-இல் கழுத்தையும் பிட்டத்தையும் விட்டுவிட்டு, எடையையும் வயிற்றுச் சுற்றளவையும் மட்டும் வைத்துக் கணக்கிடும் முறைக்கு மாறிவிட்டது.

எந்த மாதிரி டேப் வேண்டும்?

வளையக்கூடிய, ஆனால் நீளாத டேப். ஃபைபர்கிளாஸ் இழை உள்ளது நல்லது. பல வருடம் புழங்கிய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். ஒரு ஸ்டீல் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து முதல் 30 சென்டிமீட்டர் பொருந்துகிறதா என்று ஒருமுறை பாருங்கள். நுனியில் உள்ள உலோகத் தகடு அளவில் சேர்ந்ததா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கட்டட வேலைக்கான இரும்பு டேப் உடம்பில் படியாது. டேப்பே இல்லையென்றால் இழுத்தால் நீளாத கயிற்றைச் சுற்றி, குறி வைத்து, ஸ்கேலில் அளக்கலாம்.

எங்கே, எப்படி அளப்பது?

எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சொல் குழப்பம். தமிழில் "இடுப்பு" என்றால் ஒருவருக்குத் தொப்புள் மட்டம், இன்னொருவருக்கு இடுப்பெலும்பு, மூன்றாமவருக்குப் பிட்டத்தையும் சேர்த்து. அதனால்தான் மேலே வயிறு, இடை, பிட்டம் என்று பிரித்து எழுதினேன்.

ஆண்களுக்கு வயிறு என்பது தொப்புள் மட்டம். தொப்பை சரிந்திருந்தாலும், இன்னும் மேலே போனால் குறைவாக வரும் என்று தெரிந்தாலும், தொப்புள்தான்.

பெண்களுக்கு இடை என்பது மார்பெலும்பின் கீழ் நுனிக்கும் தொப்புளுக்கும் ஏறக்குறைய நடுவில், உடம்பு மிகவும் ஒடுங்கும் இடம். ஒடுக்கமே தெரியாத உடல்வாகாக இருந்தால் அந்த நடுப்பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிட்டத்தை, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பின்பக்கம் அதிகம் துருத்தும் இடத்தில், கால்களைச் சேர்த்து நின்று அளக்க வேண்டும்.

கழுத்தை, குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே அளக்க வேண்டும். தோள்களைத் தளர்த்தி, நேராகப் பார்த்தபடி நில்லுங்கள். குனிந்து டேப்பைப் படித்தால் கழுத்து மடிந்து அளவு மாறும். கண்ணாடி முன் நின்று படியுங்கள், அல்லது டேப்பை விரலால் பிடித்துக் குறித்துக்கொண்டு எடுத்தபின் பாருங்கள். தோள்பட்டைத் தசை டேப்பில் சேரக் கூடாது.

வயிற்றுக்கு வருவோம். சட்டையைத் தூக்கித் தோலின்மேல் அளக்க வேண்டும். ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் எனக்கு டி-ஷர்ட்டுக்கு மேலேயே டேப்பைச் சுற்றி அளந்து, அடுத்த மாதம் தோலின்மேல் அளந்து, "நல்ல முன்னேற்றம்" என்று முதுகில் தட்டினார்கள். முன்னேறியது துணியின் தடிமன் மட்டும்தான்.

டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்பக்கம் நாம் சரியாகப் பிடித்திருப்போம். முதுகுப் பக்கம் அது இரண்டு விரல்கடை இறங்கியிருக்கும், நமக்குத் தெரியாது. தனியாக அளப்பவர்கள் பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுக்கம்: டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. டேப்பை எடுத்த பிறகு தோலில் கோடு தெரிந்தால் இறுக்கிவிட்டீர்கள்.

மூச்சு: இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் கணத்தில் படியுங்கள். வயிற்றை எக்காதீர்கள். யாரும் வேண்டுமென்று எக்குவதில்லை. டேப்பைக் கண்டதும் வயிறு தானாக உள்ளே போகும். அதற்கு நான் செய்வது, டேப்பைச் சுற்றிக்கொண்டு மூன்று நான்கு தடவை சாதாரணமாக மூச்சுவிட்டு, வயிறு டேப்பை மறந்த பிறகு படிப்பது.

ஒவ்வொரு இடத்தையும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். மூன்றுக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

என் பேன்ட் சைஸ் தெரியும். அதையே வயிற்றளவாகப் போடலாமா?

வேண்டாம். பேன்ட் பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே, தொப்பைக்கு அடியில் நிற்கிறது. தொப்பை பெரிதாகப் பெரிதாக பேன்ட் இன்னும் கீழே இறங்குமே தவிர சைஸ் அவ்வளவாக மாறாது. போதாக்குறைக்கு, தயாரிப்பாளர்கள் பலர் லேபிளில் போடும் எண்ணைவிடத் தாராளமாகவே தைக்கிறார்கள்.

ஒரு சென்டிமீட்டர் அப்படி இப்படி ஆனால் என்ன ஆகிவிடும்?

நம் ஆணுக்கு வயிறு 90-க்குப் பதில் 91 என்று வந்தால் 21.5 என்பது 22.2 ஆகும். கழுத்து 38-க்குப் பதில் 37 என்று வந்தாலும் அதே 22.2, ஏனென்றால் சூத்திரம் பார்ப்பது இரண்டின் வித்தியாசத்தை மட்டும். வயிற்றில் 2 கூடி, கழுத்தில் 1 குறைந்தால் 23.6. உடம்பில் ஒன்றும் மாறாமலேயே இரண்டு சதவீதம் ஏறிவிட்டது!

பெண்களுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு அரை சதவீதம் போல மாறும். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தவறு பெரிய விஷயமில்லை, 0.2 அல்லது 0.3-தான்.

வேடிக்கையாக ஒன்று: அமெரிக்க ராணுவ விதிகளில் கழுத்தளவை அடுத்த அரை அங்குலத்துக்கு ஏற்றியும், வயிற்றளவைக் கீழே உள்ள அரை அங்குலத்துக்கு இறக்கியும் எழுதுவது வழக்கமாக இருந்தது. இரண்டுமே அளக்கப்படுபவருக்குச் சாதகம். வீட்டில் நாம் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

சரியாகவே அளந்துவிட்டேன். எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கச்சிதமாக அளந்தாலும் 3 முதல் 4 சதவீதப் புள்ளி வரை கூடவோ குறையவோ இருப்பது சகஜம். சிலருக்கு அதற்கு மேலும் போகும். 21.5 என்று வந்தால் "18-க்கும் 25-க்கும் நடுவில்" என்று படியுங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை வைத்துச் சண்டை போட வேண்டாம்.

ஆனால் இந்தத் தவறு உங்கள் உடல்வாகோடு ஒட்டியது. இன்று உங்களுக்கு 3 குறைத்துக் காட்டினால் மூன்று மாதம் கழித்தும் ஏறக்குறைய அதே அளவு குறைத்துத்தான் காட்டும். ஆகவே மூன்று மாத வித்தியாசம், தனி எண்ணைவிட நம்பத்தக்கது. எக்ஸ்ரே கதிரை வைத்து உடல் கொழுப்பை அளக்கும் பிரமாதமான டெக்ஸா ஸ்கேனுக்கும் இந்த நியாயம் ஓரளவு பொருந்தும்.

லாக் எல்லாம் வேண்டாம். எளிதாக ஏதாவது?

இருக்கிறது. 2018-இல் ஊல்காட், பெர்க்மன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டது. உயரத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்து 20-ஆல் பெருக்குங்கள். ஆண்கள் அதை 64-இலிருந்தும், பெண்கள் 76-இலிருந்தும் கழிக்க வேண்டும். இதற்குச் சுற்றளவை இடுப்பெலும்பின் மேல் விளிம்பை ஒட்டி அளக்க வேண்டும்.

நம் ஆணுக்கு அந்த இடத்திலும் 90 என்றே வைத்துக்கொண்டால் 170 ÷ 90 × 20 = 37.8. 64-இல் அது போக 26.2. பெண்ணுக்கு அதேபோல் 80 என்று கொண்டால் 36.5.

அதே ஆள், ஒன்றில் 21.5, இன்னொன்றில் 26.2. எது சரி?

இதற்கு நேர்மையான பதில்: டேப்பை வைத்துச் சொல்ல முடியாது. கடற்படைச் சூத்திரம் தண்ணீருக்குள் எடை பார்த்த முடிவுகளோடு பொருத்தப்பட்டது, அதுவும் கடற்படை ஆட்களை வைத்து. 2018-இன் சூத்திரம் பொதுமக்களின் டெக்ஸா ஸ்கேன் முடிவுகளோடு பொருத்தப்பட்டது. அளவுகோலும் வேறு, அளக்கப்பட்டவர்களும் வேறு. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒன்றையும் ஏப்ரலில் மற்றதையும் போட்டு ஒப்பிட்டால் அது உங்கள் உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

கொழுப்பு சதவீதம் காட்டும் எடை மெஷினே இருக்கிறதே?

அது பாதத்தின் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. தண்ணீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதில் விடும், கொழுப்பு விடாது. அதனால் தண்ணீர் குடித்தது, வியர்த்தது, சாப்பிட்டது எல்லாம் எண்ணை ஆட்டும். கால் வழியாக மட்டும் போகிற மெஷின் மேல் உடம்பைப் பெரும்பாலும் ஊகிக்கத்தான் செய்கிறது. இருப்பதைத் தூக்கிப்போட வேண்டாம். டேப்பையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இருந்தால் சரி?

உயிர்வாழவே கொஞ்சம் கொழுப்பு வேண்டும்: ஆண்களுக்குச் சுமார் 3 சதவீதம், பெண்களுக்குச் சுமார் 12. அதற்கு மேல், பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணையில் ஆண்களுக்கு 18 முதல் 24 வரையும், பெண்களுக்கு 25 முதல் 31 வரையும் "சராசரி" என்றும், அதைத் தாண்டினால் உடல்பருமன் என்றும் போட்டிருக்கும். உலகம் முழுதும் எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை என்று எதுவும் கிடையாது. 3 புள்ளி தவறு உள்ள எண்ணை வைத்துக்கொண்டு 24-ஆ 25-ஆ என்று தூக்கம் கெடுவது வீண்.

அப்படியானால் உடல்நலத்துக்கு எதைப் பார்ப்பது?

என்னைக் கேட்டால், சதவீதத்தைவிட வயிற்றைப் பாருங்கள். தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் நெருக்கமானது.

இதற்குச் சூத்திரமே வேண்டாம். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2022-இல் இதையே பரிந்துரைத்தது: 0.5 முதல் 0.59 வரை இருந்தால் ஆபத்து கூடுகிறது, 0.6-ஐத் தொட்டால் அதிகம். இதற்குக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் அளப்பார்கள். நம் ஆணுக்கு 90 ÷ 170 = 0.53. பெண்ணுக்கு 80 ÷ 158 = 0.51. இருவருமே கோட்டை லேசாகத் தாண்டியவர்கள்.

உலக நீரிழிவுக் கூட்டமைப்பு மக்கள் இனத்துக்கு ஏற்ப எல்லை வைத்திருக்கிறது. தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., ஐரோப்பிய ஆண்களுக்கு 94. பெண்களுக்கு இரண்டிலும் 80.

யாருக்கு இந்த முறை பொருந்தாது?

கர்ப்பிணிகள், சமீபத்தில் பிரசவித்தவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வேண்டாம். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் தைராய்டு வீங்கிக் கழுத்து பருத்தவர்களுக்கும் எண் தப்பாக வரும். வயிற்று நீர் கொழுப்பாகவும், கழுத்து வீக்கம் உடற்கட்டாகவும் கணக்கில் சேர்ந்துவிடும். கட்டுமஸ்தான பயில்வான் உடம்பு, வயதாகித் தசை கரைந்த உடம்பு இரண்டிலும் பிழை கூடும். உணவையும் உடல் எடையையும் பற்றிய கவலை ஏற்கெனவே மனதை அரிப்பவர்கள் டேப்பைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்கலாம்?

இரண்டு வாரம், அல்லது மாதம் ஒருமுறை. காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன். மாதவிடாயை ஒட்டி வயிறு உப்புசம் காண்பவர்கள் சுழற்சியின் அதே கட்டத்தில் அளந்தால் ஒப்பிடுவது எளிது. தினமும் அளந்தால் நேற்றைய சாப்பாட்டைத்தான் அளப்பீர்கள்.

கணக்குப் போட்ட சதவீதத்தை மட்டும் எழுதி வைக்காதீர்கள். கழுத்து இவ்வளவு, வயிறு இவ்வளவு என்று அசல் அளவுகளையும், தொப்புள் மட்டமா இடுப்பெலும்பை ஒட்டியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாளைக்கு வேறு சூத்திரத்துக்கு மாறினாலும் பழைய அளவுகள் கைகொடுக்கும்.

எடை இறங்கவே இல்லை, டேப் மட்டும் குறைகிறது. எதை நம்புவது?

உடற்பயிற்சி ஆரம்பித்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நம் 170 செ.மீ. ஆளின் எடை 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 21.5 சதவீதம் என்றால் கொழுப்பு சுமார் 16 கிலோ. சில மாதம் கழித்து எடை அதே 75, கழுத்து அதே 38, வயிறு மட்டும் 86. இப்போது சூத்திரம் 18.6 சதவீதம் என்கிறது. கொழுப்பு சுமார் 14 கிலோ. இரண்டு கிலோ போய், அந்த இடத்தில் தசையும் அதோடு சேர்ந்த நீரும் வந்திருக்கலாம்.

அந்த இரண்டு கிலோவில் கணக்கின் பிழையும் கலந்திருக்கும். ஆனால் ஒரே கை, ஒரே டேப், ஒரே இடத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்றால் அது டேப் பிடித்த கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. பெல்ட்டை எந்தத் துளையில் போடுகிறீர்கள் என்றும் பாருங்கள்.